டாங்கி மாடலுக்கு வெள்ளையடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளை பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது, இதில் கேட்க என்ன இருக்கிறது?

முடியாது, அங்கேதான் ஆரம்பமே. பொங்கலுக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை, ஒரு மழை பெய்தால் திண்ணை வரைக்கும் கோடு கோடாக வழியும், கை படும் இடத்தில் போன வருஷத்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். இரண்டாம் உலகப்போரின் குளிர்காலங்களில், பனியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க டாங்கிகளின் மேல் பூசியதும் ஏறக்குறைய அந்தச் சரக்குதான். சுண்ணாம்பு, சாக்பீஸ் தூள், பசை, அல்லது தண்ணீரில் கழுவினால் போகும்படி ராணுவமே கொடுத்த வெள்ளை. வசந்தம் வந்ததும் துடைத்து எடுக்க வேண்டுமே, அதனால் வேண்டுமென்றே நிற்காத பெயின்ட்.

ஆகவே மாடலில் வெள்ளையைப் பூசுவது பாதி வேலை, எடுப்பது மீதிப் பாதி. என்னைக் கேட்டால் எடுப்பதுதான் முக்கால் வேலை.

எந்த வண்டியை வைத்துப் பழகலாம்?

இந்தப் பக்கம் முழுக்க நான் மனதில் வைத்திருப்பது 1943 பிப்ரவரி, மார்ச்சில் உக்ரைனின் கார்கிவ் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் இருந்த ஜெர்மன் பான்ஸர் 4, நீளக் குழல் வைத்த ஜி ரகம், 1/35 அளவு, அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஏன் இது என்றால், மாதக் கணக்கில் பனியில் ஓடி வெள்ளை தேய்ந்து, கடைசியில் பனி உருகிச் சேறாகும் நேரம். ஒரே வண்டியில் எல்லாப் பாடமும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: கிட்டில், அதாவது நாம் ஒட்டிச் செய்யும் பாகங்கள் வரும் பெட்டியில், பக்கவாட்டில் தொங்கவிடும் மெல்லிய தகடுகள் இருந்தால் ஒட்டாதீர்கள், அவை இந்தச் சண்டைக்கு அப்புறம் வந்தவை.

வெள்ளைக்குக் கீழே என்ன நிறம் அடிக்க வேண்டும்?

இதை முதலில் முடிவு செய்யாமல் பாட்டில் மூடியைத் திறக்காதீர்கள். வெள்ளை உரிந்தால் கீழே தெரியப்போவது இந்த நிறம்தான், அது தப்பானால் மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் விஷயம் தெரிந்தவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

ஜெர்மன் வண்டி என்றால் ஆண்டைப் பாருங்கள். 1941-42, 1942-43 குளிர்காலங்களுக்குக் கீழே அடர்சாம்பல், ஜெர்மன் நிற அட்டவணையில் ரால் 7021. 1943 பிப்ரவரியில்தான் அடிப்படை நிறத்தை அடர்மஞ்சளாக மாற்றும் உத்தரவு வந்தது, அதனால் கார்கிவ் வண்டிக்குச் சாம்பல்தான் பொருத்தம். அடுத்த குளிர்காலம், அதாவது 1943-44 என்றால், கீழே மஞ்சள், அதன்மேல் ஒலிவப் பச்சையும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாக, அதற்கும் மேலேதான் வெள்ளை. இதில் உள்ள கொடுமை என்னவென்றால், மூன்று நிறத்தையும் ஒழுங்காக அடித்து முடித்துவிட்டு முக்கால்வாசியை நாமே மூட வேண்டும். மூடப்போகிறோம்தானே என்று கீழே அலட்சியமாக அடித்தால் எங்கே உரிக்கிறோமோ அங்கே அந்த அலட்சியம் தெரியும், இது என் அனுபவம்.

சோவியத் வண்டிக்கு 4பிஓ என்ற பச்சை. அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்கு ஆலிவ் டிராப் என்ற மங்கிய பழுப்புப் பச்சை.

மாடல் பெயின்ட் விற்கும் டாமியா கம்பெனியின் பாட்டில் எண்ணில் சொன்னால் சாம்பலுக்கு எக்ஸ்எஃப்-63, மஞ்சளுக்கு எக்ஸ்எஃப்-60, ஆலிவ் டிராபுக்கு எக்ஸ்எஃப்-62. ஆனால் எக்ஸ்எஃப்-63ஐ அப்படியே அடித்தால் 1/35இல் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெளிறிய சாம்பலைக் கலந்துகொள்ளுங்கள்.

எல்லா டாங்கியும் முழுக்க வெள்ளையாகவா இருந்தது?

இல்லவே இல்லை. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது பனிக்காட்டில் பச்சை வண்டிகளாகவே போனது, ஒரு பகுதிக்காவது வெள்ளை பூசத் தொடங்க 1940 ஜனவரி கடைசி ஆயிற்று. ஜெர்மானியர்களுக்கு 1941இல் அதே கதை. மாஸ்கோ பக்கத்தில் கடுங்குளிர் வந்தபோது போதுமான வெள்ளை கையில் இல்லை, கிடைத்த சுண்ணாம்பு, சாக்பீஸ் தூள், படுக்கை விரிப்பு என்று எதையெதையோ வைத்து ஒப்பேற்றினார்கள். அதனால் 1941 வண்டி செய்கிறீர்கள் என்றால் அரைகுறையாகப் பூசியதுதான் நம்பும்படி இருக்கும்.

விரிப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தில் நடந்த ஆர்டென் சண்டையில் பாஸ்டோன் நகருக்குப் பக்கத்தில் எம்ரூல் என்ற சின்னக் கிராமத்து மக்கள், அமெரிக்க வீரர்கள் பனியில் மறைந்துகொள்ள வீட்டிலிருந்த வெள்ளை விரிப்புகளைக் கொடுத்தார்கள். வாங்கிப் போன அதிகாரி ஜான் ஹான்லன் 1948இல் தன் ஊரில் விரிப்புகள் சேர்த்துக் கொண்டுவந்து அந்த வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். டாங்கிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு, ஆனால் ஷெர்மன் மாடலின் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். டிஷ்யூ தாளை வெள்ளைப் பசையில் நனைத்துப் போர்த்தினால் போதும்.

ஹேர்ஸ்பிரே முறை என்கிறார்களே, அது என்ன?

தலைக்கு அடிக்கும் சாதாரண ஹேர்ஸ்பிரேதான். அது காய்ந்தால் மெல்லிய படலமாகும், தண்ணீர் பட்டால் இளகும். அடிப்படை நிறம், அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதன்மேல் வெள்ளை அக்ரிலிக். அப்புறம் தண்ணீர் தொட்ட பிரஷால் தேய்த்தால் தண்ணீர் வெள்ளைக்குள் ஊடுருவி நடுவிலுள்ள படலத்தை இளக்கும், வெள்ளை பொடிப்பொடியாகப் பெயர்ந்து வரும். நிஜத்தில் நடந்ததைப் போலவே நடப்பதால்தான் இந்த முறைக்கு இவ்வளவு பெயர். இதையே பாட்டிலில் அடைத்துத் தனியாகவும் விற்கிறார்கள், வசதிதான், ஆனால் முதல் வண்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

செய்யும் விதம்: அடிப்படை நிறம் காய்ந்ததும் அதைத் தண்ணீருக்கு அசையாத லேக்கர் வார்னிஷால் மூடிப் பாதுகாத்துவிடுங்கள், முடிந்தால் ஒரு நாள் விடுங்கள். இதைச் செய்யாமல் தேய்த்தால் வெள்ளையோடு சாம்பலும் சேர்ந்து வந்து பிளாஸ்டிக் பல்லிளிக்கும். பிறகு ஹேர்ஸ்பிரேயை ஒரு முழம் தள்ளிப் பிடித்து இரண்டு மெல்லிய பூச்சு. கிட்டப் பிடித்தால் முத்து முத்தாக நிற்கும். காய்ந்ததும் வெள்ளையை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் சின்னக் கருவி) மெலிதாக, ஒரே சீராக இல்லாமல், சில இடத்தில் கனமாகவும் சில இடத்தில் புகை போலவும் அடியுங்கள். டாமியா எக்ஸ்எஃப்-2ஐ அதற்கான அக்ரிலிக் தின்னரிலோ தண்ணீரிலோ கரைத்தால் சரியாகப் பெயரும். லேக்கர் தின்னரில் கரைத்தால் பெயின்ட் கெட்டியாகக் கடித்துக்கொள்ளும், வராது. வயேஹோ என்ற பிராண்டைப் போன்ற வினைல் வகை பொடியாக வராமல் தோல் தோலாக உரியும். எனாமல் வெள்ளை வேண்டவே வேண்டாம், தண்ணீர் உள்ளே போகாது.

வெள்ளை அடித்து எவ்வளவு நேரத்தில் தேய்க்க வேண்டும்?

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தவுடனே. அரை மணி, ஒரு மணிக்குள் ஆரம்பித்துவிடுவது நல்லது.

முதல் வண்டிக்கு வெள்ளை அடித்துவிட்டு பஸ் பிடிக்க நேரமாகிவிட்டது என்று ஊருக்குப் போனேன். ஒரு வாரம் கழித்து வந்து வெந்நீர், பழைய டூத்பிரஷ் என்று என்னென்னவோ முயன்றும் அசையவில்லை. கோபத்தில் தின்னரைத் தொட்டுத் தேய்த்தேன், வெள்ளை, சாம்பல், பிரைமர் எல்லாம் ஒன்றாகக் கையில் வந்தது. அந்த வண்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, பின்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

இறுகிப் போனாலும் வழி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, பிரஷை அதில் தொட்டுத் துணியில் ஒற்றிவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷால் தேய்த்தால் டாமியா வெள்ளை மெதுவாகக் கரைந்து வரும். கீழே லேக்கர் இருந்தால்தான் இந்த விளையாட்டு.

என்னிடம் ஏர்பிரஷ் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

எதற்கு விட வேண்டும்? நிஜ டாங்கிகளில் எத்தனையோ பிரஷாலும் துடைப்பத்தாலும் கந்தல் துணியாலும் பூசியவைதான். ஏர்பிரஷ் வைத்திருக்கும் எனக்கே பிரஷால் செய்ததுதான் அதிகம் பிடிக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை போஸ்டர் கலர் போதும். அது காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும், நமக்கு வேண்டியதும் அதுதானே. அடிப்படை நிறத்தின்மேல் மேட், அதாவது பளபளப்பில்லாத, வார்னிஷ் அடித்துக்கொள்ளுங்கள், வழவழப்பில் போஸ்டர் கலர் உருண்டு ஓடிவிடும். அப்படியும் ஓடினால் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு. மேலிருந்து கீழாக இழுங்கள், கோடு தெரிந்தால் தெரியட்டும், ஆனால் அளவைக் கவனியுங்கள். 1/35இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் அகலச் சுண்ணாம்பு பிரஷின் ஒரு இழுப்பு நம் மாடலில் மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பெரிய பிரஷால் ஒரே இழுப்பில் ஒரு பக்கத்தை முடித்தால் பொம்மையாகிவிடும்.

காய்ந்ததும் ஈரப் பிரஷால் வேண்டிய இடத்தில் தடவி எடுங்கள். பிடிக்கவில்லையா, முழுக்கக் கழுவிவிட்டு மறுபடி. இந்த முறையில் ஒரே வில்லங்கம் கடைசியில் வார்னிஷ் அடிக்கும்போது வரும்: சுண்ணாம்புத் தன்மையுள்ள வெள்ளை வார்னிஷ் பட்டதும் மங்கி, பாதி கண்ணாடி போல ஆகிவிடும். அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளையை விட்டு வைத்துவிட்டு, வார்னிஷைத் தூறல் போல அடியுங்கள்.

உப்பு முறை?

அடிப்படை நிறத்தை ஈரமாக்கி, உப்பைத் தூவி, காய்ந்ததும் வெள்ளை அடித்து, உப்பைத் தேய்த்து எடுப்பது. தூளுப்பு மட்டும் போட்டால் அம்மை போட்ட மாதிரி ஒரே சீராக வரும். கல்லுப்பை அம்மியிலோ கரண்டியாலோ அரைகுறையாக நசுக்கிப் போட்டால் பெரிசும் சின்னதுமாக நன்றாக வரும். சின்ன இடங்களுக்கு நல்லது, முழு வண்டிக்கும் எனக்குப் பொறுமை இல்லை.

எவ்வளவு வெள்ளை, வெள்ளை?

பாட்டில் வெள்ளை கூடாது. நம் வீட்டுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்க நீலம் கலப்போம், இங்கே அதற்கு நேர்மாறு, எக்ஸ்எஃப்-2இல் கொஞ்சம் பஃப் என்ற மணல் நிறம், எக்ஸ்எஃப்-57, கலந்து பழைய வேட்டி நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். சுத்த வெள்ளையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு தகடுகளின் நடுவில், மேல்பார்த்த இடங்களில் மட்டும் தொட்டால் வண்டிக்கு ஒரு உருண்டை வரும். ஆரம்பத்திலேயே முழு வெள்ளையை அடித்துவிட்டால் அதற்கு மேலே போக இடமே இல்லை.

எங்கே தேய வேண்டும், எங்கே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் யாரும் கேட்பதில்லை, எல்லோரும் பெயின்ட் பிராண்டைத்தான் கேட்கிறார்கள். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து பேர் ஆணி அடித்த பூட்ஸோடு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இந்த வண்டியில் ஏறி இறங்குகிறார்கள் என்று யோசியுங்கள்.

பான்ஸர் 4இல் ஓட்டுநர் முன்பக்கம் இடதுபுறம், ரேடியோக்காரர் வலதுபுறம். இருவருக்கும் தலைக்கு மேல் கதவு. ஓட்டுநர் கதவைச் சுற்றிப் பாருங்கள். கதவின் விளிம்பில் கை பிடிக்கும் இடம் முழுக்கச் சாம்பல், அதற்கு வெளியே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அழுக்கு வெள்ளை, கால் வைத்து இறங்கும் முன்பக்கத் தகட்டில் பூட்ஸ் உரசிய கீறல்கள், மட்கார்டின் முனை வரைக்கும் அந்தப் பாதை போகும். ஆனால் அங்கிருந்து அரை அங்குலம் தள்ளி, யாரும் மிதிக்காத மூலையில், வெள்ளை அன்று பூசிய மாதிரியே இருக்கும். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கண் நம்பும். வண்டி முழுக்க ஒரே அளவு தேய்த்தால் அது தேய்மானமாகத் தெரியாது, வெறும் டிசைன்.

குழல் பொருத்திய மேல்பாகமான சுழல்மேடையின் இரண்டு பக்கக் கதவுகளுக்குக் கீழேயும் இதே கதை. தளபதியின் கோபுர விளிம்பில் இன்னும் அதிகம். என்ஜின் மூடிமேல் ஆட்கள் குளிர்காய உட்காருவார்கள், சாமான் கட்டுவார்கள், அங்கே வெள்ளை அதிகம் மிஞ்சாது. பின்னால் உருளை மாதிரி இருக்கும் பெரிய புகைக்குழாயில் சூட்டுக்கு வெள்ளை நிற்கவே நிற்காது, அங்கே துருவும் கரியும்தான். சக்கரங்களில் பலர் பூசவே இல்லை, பூசினாலும் சேறு எடுத்துக்கொண்டு போய்விடும். பட்டைச் சங்கிலிக்கு வெள்ளை அடிக்காதீர்கள்.

சுழல்மேடையின் பின்பக்கம், குழலுக்கு மேல்பாகம், பக்கச் சுவர்களின் மேல் மூலை இங்கெல்லாம் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

வண்டி எண்களையும் ஜெர்மன் ராணுவச் சிலுவைச் சின்னத்தையும் எப்படி?

வெள்ளையடித்தவர் எண்ணின் மேல் பூசினால் சொந்த ஆட்களுக்கே வண்டி அடையாளம் தெரியாது, அதனால் பெரும்பாலும் எண்ணைச் சுற்றிப் பூசினார்கள். எண்ணைச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு சாம்பல் சட்டம் தெரியும். டீகாலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படத்தை, அடிப்படை நிறத்தின்மேல் ஒட்டி, வார்னிஷால் மூடி, பிறகு வெள்ளை அடித்து, எண் இருக்கும் இடத்தை மட்டும் ஈரப் பிரஷால் திறந்துவிடுங்கள். ஸ்கேல் வைத்தது போன்ற நேர்கோடு வேண்டாம், விரல் விறைத்த ஒருவன் அவசரமாகப் பூசியது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உரிந்த இடத்தில் இரும்பு நிறம் வைக்கலாமா?

கூடாது! மாடல் செய்பவர்களில் பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். சுண்ணாம்பு உரிந்தால் தெரிவது அதற்குக் கீழே உள்ள பெயின்ட், இரும்பு இல்லை. வெள்ளைக்கு நடுவில் சாம்பல்தான், அந்தச் சாம்பலுக்குள் மிகக் கூர்மையான விளிம்புகளில், பூட்ஸ் தொடர்ந்து உரசும் இடங்களில் மட்டும் ஊசிமுனை அளவு அடர்பழுப்பு. ஆரஞ்சு துருவை வண்டி முழுக்கத் தெளித்தால் அது போர்க்களத்து வண்டி இல்லை, காயலான்கடை வண்டி.

பள்ளங்களில் நிழல் தங்க நீர்த்த பெயின்டால் வாஷ் போட்டதும் வெள்ளை முழுக்க அழுக்காகிவிட்டது, ஏன்?

மேட் வெள்ளைமேல் நேராகப் போட்டிருப்பீர்கள், அது மை உறிஞ்சும் தாள் மாதிரி இழுத்துக்கொள்ளும். முதலில் லேசாகப் பளபளக்கும் சாட்டின் வார்னிஷ். அப்புறம் கறுப்பு வேண்டாம், வெள்ளைமேல் கறுப்பு வாஷ் கார்ட்டூன் மாதிரி கோடு போடும், சாம்பல் கலந்த பழுப்பே போதும். முழுக்கத் தடவாமல் போல்ட்டுகளையும் தகட்டு இணைப்புகளையும் மட்டும் மெல்லிய பிரஷால் தொடுங்கள்.

வழிந்த கோடுகளுக்கு ஆயில் கலர் நல்லது. வெள்ளை ஆயில் கலரைக் குண்டூசி முனை அளவு வைத்து, மணமில்லாத டர்பன்டைன் தொட்ட தட்டைப் பிரஷால் நேராகக் கீழே இழுங்கள். உரிந்த சாம்பலின் மேல் வெள்ளை வழிந்து இறங்கியிருப்பதைப் பார்த்தால்தான் இது கரையும் சரக்கு என்பது புரியும். இந்த ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேறு என்ன நிறம்?

கார்கிவ் பக்கம் கரிசல் மண். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பார்த்திருந்தால் ஈரத்தில் அது எப்படிக் கறுக்கும் என்று தெரியும், அந்தத் திசையில் போங்கள். காவி நிறத்துச் செம்மண் பவுடரைத் தூவினால் வண்டி ரஷ்யப் போர்முனையை விட்டு எங்கோ போய்விடும். மார்ச் மாதம் என்றால் சக்கரம், அடிவயிறு, பின்தகடு மூன்றிலும் தாராளமாக, மேலே போகப் போகத் தெறிப்பு மட்டும்.

ஜெர்மன் டைகர் டாங்கிக்கும் இதே முறையா? சிமெரிட் பூச்சு இருந்தால்?

முறை இதேதான். சிமெரிட் என்ற வரிவரியான பூச்சு 1943 இலையுதிர்காலத்திலிருந்து 1944 செப்டம்பர் வரை தொழிற்சாலையில் பூசியது, ஆகவே 1943 தொடக்கத்து டைகரில் அது வரக்கூடாது. இருக்கும் வண்டி என்றால் உங்களுக்கு வேலை சுலபம்: வரிகளின் மேடு தேய்ந்து கீழ்நிறம் தெரியும், பள்ளத்தில் வெள்ளை தங்கும். தேய்க்கும்போதே அது தானாக நடக்கும்.

பனியாகச் சமையல் சோடாவைத் தூவலாமா?

நாளாக ஆக மஞ்சளடிக்கும். மாடல் கடையில் கிடைக்கும் பனித்தூளை வாங்கிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது?

தேய்க்க ஆரம்பித்தால் கை நிற்காது, அதுவும் இரவு பதினொரு மணிக்கு மேசை விளக்கில். நான் செய்வது இதுதான்: பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிரஷை வைத்துவிட்டு போனில் ஒரு படம், அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பேன். போர்க்காலப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதானே, அவற்றின் பக்கத்தில் வைத்தால் எங்கே கூடிவிட்டது என்று உடனே தெரியும். கூடிவிட்டால் பதற வேண்டாம், ஸ்பாஞ்ச் துண்டில் வெள்ளையைத் தொட்டு, தாளில் ஒற்றிவிட்டு, அந்த இடத்தில் லேசாகத் தட்டினால் போதும். குளிர்காலத்தின் நடுவில் அவர்களும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டாம் தடவை பூசியிருக்கிறார்கள்.